இரை எடுக்காத பாம்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையைச் சொல்கின்றன: வீட்டில் வளர்க்கும் பாம்பு இரை எடுக்கவில்லை. ஆகவே மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, இந்தப் பகுதி முழுவதையும் இந்த ஒரு சிக்கலுக்கே ஒதுக்குகிறேன். சட்டம் வளர்க்க அனுமதிக்கும் இனங்களில், வளர்ப்பகத்திலேயே முட்டையிலிருந்து வெளிவந்த பாம்புகளை வைத்திருப்பவர்களுக்காகவே இந்தப் பதில்கள் எழுதப்படுகின்றன. காட்டில் பிடித்த பாம்பை வாங்கியவர்கள் எவரேனும் இதைப் படித்தால், அச்சமும் குடற்புழுக்களுமாக வந்து சேர்ந்த அந்த உயிர் இரையை மறுப்பதில் வியப்பில்லை என்பதையும், அதற்கான இடம் வீடு அன்று என்பதையும் மட்டும் சொல்லி வைக்கிறேன்.

கேள்வி: ஆறு வாரங்களுக்கு முன் ஓர் ஆண் பால் பைத்தானை வாங்கினேன். வயது ஒன்றரை, எடை 540 கிராம் என்று விற்றவர் எழுதிக் கொடுத்தார். அவரிடம் இருந்தவரை வாரம் தவறாமல் இரை எடுத்ததாம். என்னிடம் வந்த பிறகு ஏழு முறை எலி கொடுத்துப் பார்த்துவிட்டேன். நாக்கை நீட்டிப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கிறது. நல்ல பெரிய கண்ணாடித் தொட்டியில்தான் வைத்திருக்கிறேன். உள்ளே கைவைத்தால் வெதுவெதுப்பாகவே இருக்கிறது. என்னிடம் பழகட்டும் என்று நாள்தோறும் மாலையில் அரை மணி நேரம் கையில் வைத்துக்கொள்கிறேன். பட்டினியால் இறந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: நீங்கள் சொல்லும் வயதும் எடையும் சரியாக இருந்தால், ஆறு வாரப் பட்டினி இந்தப் பாம்பைக் கொன்றுவிடாது. பால் பைத்தான் என்ற பெயரில் உள்ள ‘பால்’ பந்தைக் குறிப்பது. அச்சம் வந்தால் தலையை நடுவில் வைத்து உடலைப் பந்துபோல் சுருட்டிக்கொள்வதால் வந்த பெயர் அது. பெயரிலேயே அச்சத்தைச் சுமந்துகொண்டிருக்கும் இந்த ஆப்பிரிக்கப் பாம்பு, இரை மறுப்பதில் வளர்ப்பாளர்களிடையே பேர்போனது. சுற்றுப்புறம் மாறினால் மறுக்கும், தோலுரிக்கும் முன் மறுக்கும், இனப்பெருக்கக் காலத்தில் மறுக்கும். சில வேளைகளில் நமக்குப் புலப்படாத காரணத்துக்காகவும் மறுக்கும்.

நாம் மூன்று வேளை உண்பவர்கள் என்பதால், ஒரு வாரம் உண்ணாத உயிரைப் பார்த்தால் மனம் பதறுகிறது. பாம்பின் கணக்கு வேறு. உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளாத விலங்கு என்பதால், அதற்கு உணவிலிருந்து வேண்டிய ஆற்றல் மிகக் குறைவு. அமெரிக்காவின் ஆர்கன்சா பல்கலைக்கழகத்தில் மார்ஷல் மெக்யூ என்பவர், பால் பைத்தான் உட்பட மூன்று இனங்களைச் சேர்ந்த 62 பாம்புகளை ஏறத்தாழ ஆறு மாதங்கள் இரையின்றி வைத்து ஆராய்ந்து 2007இல் முடிவுகளை வெளியிட்டார். அவற்றுள் சில பாம்புகள் தம் உடலின் ஆற்றல் செலவை 72 விழுக்காடு வரை குறைத்துக்கொண்டன; பட்டினிக் காலத்திலேயே நீளத்தில் வளரவும் செய்தன. உங்கள் பாம்பையும் ஆறு மாதம் பட்டினி போடலாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. பதற்றத்தில் தவறான காரியங்களைச் செய்துவிடாமல் நிதானமாக யோசிக்க உங்களுக்குப் போதிய காலம் இருக்கிறது என்பதற்காகவே சொல்கிறேன்.

இனி உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். ‘கைவைத்தால் வெதுவெதுப்பாக இருக்கிறது’ என்ற ஒரு தொடரிலேயே பாதி விடை இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. மனிதக் கை வெப்பமானி அன்று. பால் பைத்தானின் தொட்டியில் ஒரு முனை 31 முதல் 33 டிகிரி செல்சியஸ் வரையிலும், மறுமுனை 25 முதல் 27 டிகிரி வரையிலும் இருக்க வேண்டும். எந்த முனையில் எப்போது கிடப்பது என்பதைப் பாம்பு தானே முடிவு செய்துகொள்ளும். சுவரில் ஒட்டும் வட்ட வெப்பமானி கண்ணாடியின் வெப்பத்தைக் காட்டுமே தவிர, பாம்பு படுத்திருக்கும் தரையின் வெப்பத்தைக் காட்டாது. நுனியில் உணரியுடன் கூடிய கம்பி வெப்பமானி இரண்டை வாங்கி, இரு முனைகளிலும் தரைமட்டத்தில் வைத்து, பகலிலும் விடியற்காலையிலும் பார்த்து எழுதி வையுங்கள். வெப்பமூட்டும் விரிப்போ விளக்கோ எதுவானாலும் அது வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் வழியாகவே இயங்க வேண்டும். கட்டுப்பாடில்லாத விரிப்பு பாம்பின் வயிற்றைச் சுட்டுவிடும்.

வெப்பத்துக்கும் பசிக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். பாம்புக்கு இரை எடுப்பது என்பது உடல் முழுவதையும் வேலைக்கு அழைக்கும் ஒரு பெருஞ்செயல். பர்மிய மலைப்பாம்பு பெரிய இரையை விழுங்கிய 48 மணி நேரத்துக்குள் அதன் இதயத் தசையின் எடை சுமார் 40 விழுக்காடு கூடுவதாக 2005இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. குடலும் கல்லீரலும்கூட அவ்வாறே பெருக்கின்றன. போதிய வெப்பம் இல்லாவிட்டால் இந்த வேலை நடக்காது. விழுங்கிய இரை வயிற்றிலேயே அழுகும். எனவே குளிர்ந்த இடத்தில் இருக்கும் பாம்பு வாயைத் திறக்காமல் இருப்பது அதன் அறிவுடைமை.

அடுத்தது, நீங்கள் பெருமையுடன் குறிப்பிடும் அந்தப் பெரிய தொட்டி. பெரிய இடம் தவறில்லை. வெறுமையான பெரிய இடம்தான் தவறு. பால் பைத்தான் இயற்கையில் எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் பகல் முழுவதும் பதுங்கிக் கிடப்பது. நான்கு பக்கமும் கண்ணாடியாக உள்ள வெளியில் கிடக்கும்போது, தன்னை யாரோ வேட்டையாட வருகிறார்கள் என்ற எச்சரிக்கையிலேயே அதன் நாள் கழிகிறது. அந்த நிலையில் வேட்டையாடும் எண்ணம் அதற்கு வராது. வெப்ப முனையில் ஒன்று, குளிர் முனையில் ஒன்று என ஒரே மாதிரியான இரண்டு பதுங்குமிடங்களை வையுங்கள். சுருண்டு படுத்தால் உடலின் பக்கங்கள் சுவரில் உரசும் அளவுக்கு அவை இறுக்கமாகவும், ஒரே ஒரு சிறு வாயில் உடையனவாகவும் இருக்க வேண்டும். தொட்டியின் மூன்று பக்கங்களைக் கறுப்புத் தாள் ஒட்டி மறைத்து, நடுவில் செயற்கை இலைகளையோ மரப்பட்டைகளையோ போட்டு நிரப்புங்கள். ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, மாலைநேரக் கொஞ்சல். உங்களுக்கு அது பழக்கம். பாம்புக்கு அது நாள்தோறும் ஒரு பெரிய விலங்கிடம் பிடிபட்டுத் தப்பிய அனுபவம். புதிதாக வந்த பாம்பை முதல் ஏழு முதல் பத்து நாள்கள் வரை தொடக்கூடாது; அது மூன்று முறையேனும் தொடர்ந்து இரை எடுத்த பிறகே கையில் எடுக்கத் தொடங்க வேண்டும். அந்தக் கட்டத்தைத் தாண்டாமலேயே நீங்கள் ஆறு வாரங்களைக் கடத்திவிட்டீர்கள். பரவாயில்லை, இன்று வாங்கி வந்ததாக நினைத்துக்கொண்டு மீண்டும் முதலிலிருந்து தொடங்குங்கள்.

செய்ய வேண்டிய வரிசை இதுதான். இன்றே தொட்டியைச் சரிசெய்யுங்கள். தண்ணீர் மாற்றவும் கழிவு எடுக்கவும் தவிர வேறு எதற்கும் பத்து நாள்கள் கதவைத் திறக்காதீர்கள். பதினோராம் நாள், இருட்டிய பிறகு, ஒரே ஒரு முறை இரையைக் காட்டுங்கள். மறுத்தால் அடுத்த பத்து முதல் பதினான்கு நாள்கள் வரை மறுபடி காட்டாதீர்கள். ஆறு வாரங்களில் ஏழு முறை காட்டியது மிகை. இரண்டு நாளுக்கொரு முறை காட்டுபவர்களைக்கூடப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் பாம்பு இரையைக் கண்டு ஒதுங்குவதையே அவர்கள் அதற்குப் பழக்கப்படுத்துகிறார்கள். இன்று ஒரு முறையும், அந்தப் பத்து நாள்கள் கழிந்த பிறகு வாரம் ஒரு முறையும், மூடியுள்ள ஒரு டப்பாவில் விட்டு டிஜிட்டல் தராசில் எடையை மட்டும் பாருங்கள். விற்றவர் எழுதிக் கொடுத்த 540ஐ நம்பாதீர்கள். உங்கள் தராசு இன்று காட்டும் எண்ணிலிருந்தே கணக்கைத் தொடங்குங்கள். அந்த எண்ணில் பத்து விழுக்காட்டுக்குமேல் குறைந்தால் ஊர்வன மருத்துவம் அறிந்த கால்நடை மருத்துவரிடம் செல்ல வேண்டும். அதுவரை உங்கள் பாம்புக்குப் பெரும்பாலும் மருந்து தேவைப்படாது.

கேள்வி: உறைய வைத்த எலியைத்தான் கொடுக்கிறேன். சில வாரம் எடுக்கிறது, சில வாரம் சீறிக் கொத்திவிட்டு அப்படியே போட்டுவிடுகிறது. நான் இரையைத் தயாரிக்கும் முறையில் தவறு இருக்குமா?

பதில்: இருக்கக்கூடும். ஒருமுறை எடுப்பதும் மறுமுறை விடுவதுமாக இருந்தால், இரையின் வெப்பம் ஒருமுறைபோல் மறுமுறை இல்லை என்றுதான் முதலில் ஐயுற வேண்டும். பால் பைத்தான் போன்ற மலைப்பாம்பு வகைகளுக்கு உதடுகளின் ஓரத்தில் வெப்பத்தை உணரும் குழிகள் உள்ளன; இருளில் வெப்ப இரத்த விலங்கு ஒன்று எங்கே நிற்கிறது என்பதை அவை ‘பார்க்கின்றன’. நாக்கு காற்றிலிருந்து திரட்டும் மணத்துகள்களை வாயின் மேலண்ணத்தில் உள்ள ஜேக்கப்சன் உறுப்பு ஆராய்கிறது. மணம் எலி என்று சொல்லி, வெப்பக்குழிகள் ‘இங்கே எதுவும் இல்லை’ என்று சொன்னால், பாம்பு குழம்புகிறது. பாய்ந்து கவ்விய பிறகு உள்ளே குளிர்ந்து கிடப்பதை உணர்ந்தால் விட்டுவிடுகிறது.

முந்தைய நாள் இரவே இரையை உறைபெட்டியிலிருந்து எடுத்துக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். மறுநாள் மாலை, காற்றுப் புகாத பையில் இட்டு, கை பொறுக்கும் சூடுள்ள நீரில் அரை மணி நேரம் ஆழ்த்தி வையுங்கள். நீர் ஆறினால் மாற்றுங்கள். வயிற்றுப் பகுதியை அழுத்திப் பார்த்து, உள்ளே கட்டியாக எதுவும் இல்லை என்று உறுதி செய்யுங்கள். மேற்பரப்பு 38 முதல் 40 டிகிரி வரை இருந்தால் போதும். கொடுப்பதற்குச் சற்றுமுன் தலையை மட்டும் இன்னும் கொஞ்சம் சூடான நீரில் தொட்டெடுத்துத் துடைத்துவிட்டால், பாம்பு குறிபார்க்க வேண்டிய இடம் அதற்குத் தெளிவாகத் தெரியும். ஈர எலியைவிட உலர்ந்த எலியையே பல பாம்புகள் விரும்புகின்றன. மைக்ரோவேவ் அடுப்பைப் பயன்படுத்தவே கூடாது. அது ஓரிடத்தை வேகவைத்து ஓரிடத்தை உறைநிலையிலேயே விட்டுவிடும், வயிறு வெடிக்கவும் கூடும். அதன் பிறகு அந்த அடுப்பை வீட்டில் உள்ளவர்கள் என்ன செய்வார்கள் என்பது தனிக் கதை.

கொடுக்கும் விதமும் முக்கியம். 30 சென்டிமீட்டருக்குக் குறையாத நீளமுள்ள இடுக்கியால் எலியின் முதுகுப்பக்கத்தைப் பற்றி, பாம்பு பதுங்கியிருக்கும் இடத்தின் வாயிலுக்குச் சற்றுத் தள்ளி, பக்கவாட்டில் மெல்ல நகர்த்துங்கள். உயிருள்ள எலி பாம்பின் முகத்தை நோக்கி நேராக வந்து மோதாது. நேராக வருவது எதிரி என்றே பாம்பு எடுத்துக்கொள்ளும். கொத்திச் சுற்றிக்கொண்டதும் இடுக்கியை விட்டுவிட்டு அசையாமல் நில்லுங்கள், அல்லது வெளியேறிவிடுங்கள். பல பாம்புகள் கவ்விய இரையைப் போட்டுவிடுவது, பார்த்துக்கொண்டிருப்பவர் கைப்பேசியை எடுத்து அருகில் வருவதால்தான். இடுக்கிக்கே அஞ்சும் பாம்பாக இருந்தால், சூடேற்றிய இரையைப் பதுங்குமிடத்தின் வாயிலில் வைத்து, விளக்கை அணைத்துவிட்டுப் போய்விடுங்கள். காலையில் அப்படியே கிடந்தால் எறிந்துவிட வேண்டும். மறுபடி உறைய வைக்கக் கூடாது. இரையைத் தொட்ட பாத்திரங்களைச் சமையலுக்குப் பயன்படுத்தாதீர்கள். கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். ஊர்வனவற்றிடமிருந்தும் எலிகளிடமிருந்தும் சால்மொனெல்லா கிருமி பரவக்கூடும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளும் முதியவர்களும் உள்ள வீட்டில் இதில் கவனக்குறைவு கூடாது.

கேள்வி: உயிருள்ள எலியை உள்ளே விட்டால் எந்தப் பாம்பும் சாப்பிடும் என்று நண்பர் சொல்கிறார். உண்மையா?

பதில்: இல்லை. பசியில்லாத பாம்பு உயிருள்ள எலியையும் சாப்பிடாது. ஆனால் பசியுள்ள எலி பாம்பைக் கடிக்கும். இரவு முழுவதும் தொட்டிக்குள் விடப்பட்ட எலி, அசையாமல் கிடந்த பாம்பின் முதுகை முள்ளெலும்பு தெரியும்வரை கொறித்துவிட்ட நிகழ்வுகளை ஊர்வன மருத்துவர்கள் நன்கு அறிவார்கள். எலிக்கும் அது கொடுமை. சில நாடுகளில் இது சட்டப்படியும் குற்றம். உங்கள் நண்பரின் யோசனையை நான் ஏற்கவில்லை.

கேள்வி: என் கார்ன் ஸ்னேக் குஞ்சு முட்டையிலிருந்து வந்து ஐந்து வாரங்கள் ஆகின்றன. முதல் முறை தோலுரித்து நான்கு வாரங்கள் ஆகியும் ஒரு இரைகூட எடுக்கவில்லை. உடன்பிறந்த எட்டும் நன்றாகச் சாப்பிடுகின்றன. இதை மட்டும் என்ன செய்வது?

பதில்: ஒரே ஈட்டில் பிறந்த குஞ்சுகளில் ஒன்றிரண்டு இப்படி முரண்டு பிடிப்பது வழக்கம். முட்டையிலிருந்து வெளிவரும்போது வயிற்றில் மஞ்சட்கருவின் மிச்சம் இருக்கும். ஏழு முதல் பத்து நாள்களில் முதல் தோலை உரித்த பிறகுதான் குஞ்சுக்கு இரையில் நாட்டம் பிறக்கும். நான்கு வாரங்கள் கடந்துவிட்டதால் இப்போது முயல்வது சரியே. ஆனால் ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தை மட்டும் செய்யுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்து பார்த்தால், எது பலித்தது என்று உங்களுக்கே தெரியாமல் போகும்.

முதலில் உடன்பிறந்தவற்றிலிருந்து இதைப் பிரித்துத் தனியாக வையுங்கள். பிறகு, காற்றுத் துளைகள் போட்ட, உள்ளங்கையளவே உள்ள ஒரு டப்பாவில் கசக்கிய காகிதத் துண்டையும், மயிர் முளைக்காத ஒரு சுண்டெலிக் குட்டியையும் வைத்து, அதில் குஞ்சை விட்டு மூடி, அந்த டப்பாவை அதன் வழக்கமான வெப்பத்திலேயே இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். இதற்கு மேல் வேறு எதுவும் தேவைப்படாமலே பல குஞ்சுகள் காலையில் புடைத்த வயிற்றுடன் கிடப்பதைக் காணலாம். பலிக்காவிட்டால் ஐந்தாறு நாள்கள் இடைவெளி விட்டு அடுத்த முறை, எலிக்குட்டியை மணமில்லாத சோப்பால் கழுவி, நன்கு அலசி, உலர்த்திக் கொடுங்கள். மனிதக் கையின் மணமும் எலிக்கூட்டின் நெடியும் நீங்கும்.

அடுத்த படி, மணம் மாற்றுவது. இயற்கையில் இந்தக் குஞ்சுகள் எலிகளைவிடச் சிறு பல்லிகளையே மிகுதியாகத் தின்கின்றன. வளர்ப்புப் பல்லி உரித்துப்போட்ட தோலின் துணுக்கை எலிக்குட்டியின் மூக்கில் ஈரத்தால் ஒட்டிக் கொடுத்தால், பாம்பின் மூளை அதைப் பல்லி என்று எடுத்துக்கொள்கிறது. நான்கைந்து முறை இப்படி எடுத்த பிறகு துணுக்கின் அளவைக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்திவிடலாம். தோட்டத்துப் பல்லியைப் பிடித்துத் தேய்க்க வேண்டாம். புழுக்களையும் சேர்த்துத் தேய்த்ததாகிவிடும். கடைசிப் படியைச் சொல்லவே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது: உறைவு நீங்கிய எலிக்குட்டியின் மண்டையை ஊசியால் கீறி, மூளைத் திரவம் சிறிது கசியும்படி செய்வது. பார்க்க அருவருப்பானது, ஆனால் மறுக்கும் குஞ்சுகளை வழிக்குக் கொண்டுவருவதில் இதற்கு நிகரான முறைகள் குறைவு.

இவை எல்லாம் தோற்று, குஞ்சின் முதுகு கத்திமுனைபோல் எழும்பத் தொடங்கினால், எலிக்குட்டியின் தலையைப் பாம்பின் வாய்க்குள் மெல்ல நுழைத்து, அதுவாக விழுங்க விடும் ‘உதவி ஊட்டல்’ முறை இருக்கிறது. அதை முதல் முறை மருத்துவரோ கைதேர்ந்த வளர்ப்பாளரோ செய்யப் பார்த்துக் கற்றுக்கொண்ட பிறகே செய்யுங்கள். பென்சில் தடிமன்கூட இல்லாத உயிரின் தாடையும் உணவுக்குழாயும் எவ்வளவு மெல்லியவை என்பதை எழுத்தால் விளக்க முடியாது.

கேள்வி: சாப்பிடவில்லையே என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்; நேற்று சாப்பிட்டது, இன்று அப்படியே கக்கிவிட்டது. பசியோடு இருக்கும் என்பதால் இன்றே இன்னொரு எலி கொடுக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. இரையை மறுப்பதைவிடக் கக்குவது பல மடங்கு கடுமையானது. இரையோடு வயிற்று அமிலமும் நீரும் வெளியேறி, உணவுக்குழாய் புண்பட்டிருக்கும். குறைந்தது பத்து முதல் பதினான்கு நாள்கள் வரை தண்ணீரைத் தவிர வேறு எதுவும் கொடுக்காமல் விட்டுவிட்டு, பிறகு வழக்கமான அளவில் பாதிக்கும் குறைவான இரையைக் கொடுங்கள். காரணத்தையும் தேடுங்கள். உண்ட பிறகு 48 மணி நேரத்துக்குள் கையில் எடுத்தீர்களா? வெப்ப முனை குளிர்ந்துவிட்டதா? இரை அளவுக்கு மீறிப் பெரிதா? பாம்பின் உடலில் மிகத் தடித்த பகுதியின் சுற்றளவை ஒட்டியதாக இரை இருந்தால் போதும். நெடுநாள் பட்டினிக்குப் பிறகு ‘ஈடுகட்ட’ பெரிய எலி கொடுப்பது பலரும் செய்யும் பிழை. சுருங்கிப்போன குடல் மீண்டும் வேலை செய்யக் கற்றுக்கொள்ளும்வரை சிறிய இரைகளையே கொடுக்க வேண்டும். இரண்டாம் முறையும் கக்கினாலோ, உடலின் நடுப்பகுதியில் வீக்கம் தென்பட்டாலோ உடனே மருத்துவரிடம் போங்கள். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுயிரி இரைப்பைச் சுவரைத் தடிக்கச் செய்து இவ்விரு அறிகுறிகளையும் காட்டும். அது மற்றப் பாம்புகளுக்கும் பரவும் என்பதால், சோதனை முடியும்வரை இதன் இடுக்கியையும் தண்ணீர்க் கிண்ணத்தையும் வேறு தொட்டிக்குப் பயன்படுத்தாதீர்கள்.

கேள்வி: கண்கள் நீலம் பூத்ததுபோல் மங்கியிருக்கின்றன. இரண்டு வாரமாக இரையும் எடுக்கவில்லை. கண்நோயா?

பதில்: பழைய தோலுக்கும் புதிய தோலுக்கும் இடையில் திரவம் ஊறுவதால் வரும் மங்கல் அது. இரு கண்களும் ஒரே அளவில் மங்கியிருந்தால் பாம்பு சட்டை உரிக்கப்போகிறது என்று பொருள். அந்த நாள்களில் அதற்குப் பார்வை மங்கியிருப்பதால் அச்சமும் மிகும், பசியும் போகும். கண் தெளிந்து, அதற்குச் சில நாள்களுக்குப் பிறகு தோல் உரிந்ததும் இரையைக் காட்டுங்கள். பெரும்பாலும் பாய்ந்து எடுக்கும். உரித்த தோலில் கண்மூடிகள் (கண்களை மூடியிருக்கும் தெளிந்த செதில்கள்) இரண்டும் வந்திருக்கின்றனவா என்பதையும் பார்த்துவிடுங்கள். ஒரு கண் மட்டும் மங்கியிருந்தால் அது வேறு, மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: என் ஆண் பால் பைத்தானுக்கு ஐந்து வயது. சென்ற மூன்று ஆண்டுகளாக, குளிர்காலம் தொடங்கியதும் நான்கு மாதங்கள் எதையும் தொடுவதில்லை. இரவெல்லாம் தொட்டிக்குள் அலைகிறது. எடை 1,450 கிராமிலிருந்து 1,390 ஆகியிருக்கிறது.

பதில்: அலைவதற்குக் காரணம் பெண் துணையைத் தேடும் பருவம். வளர்ந்த ஆண்கள் பல இப்படித்தான் இருக்கும். வயிற்றில் முட்டை சுமக்கும் பெண்களும் மறுக்கும். நான்கு மாதத்தில் 60 கிராம் என்பது நான்கு விழுக்காட்டைச் சற்றே தாண்டிய குறைவு. பெரிய செய்தி அன்று. மாதம் ஒரு முறை, வழக்கத்தைவிடச் சிறிய இரையாகக் காட்டிப் பாருங்கள்; எடுக்காவிட்டால் விட்டுவிடுங்கள். நான்காம் ஆண்டிலாவது கவலைப்படாமல் இருக்கப் பழகுங்கள் என்று உரிமையோடு சொல்கிறேன்.

கேள்வி: மேற்கத்தியப் பன்றிமூக்குப் பாம்பு வைத்திருக்கிறேன். எலியைக் கண்டால் உடலைத் தட்டையாக்கிச் சீறிவிட்டு ஓடுகிறது. பசியே இல்லையா?

பதில்: பசி இருக்கலாம், எலி உணவு என்று அதற்குத் தோன்றவில்லை. இந்த இனத்தின் மனம் தேரைகளின்மீது. வளர்ப்பகத்தில் பிறந்த தவளை அல்லது தேரை குளித்த நீரில் எலிக்குட்டியைத் தோய்த்துக் கொடுத்தால், சீறிய அதே பாம்பு விழுங்கிவிடுவதைக் காண்பீர்கள். இந்த இனத்துக்கு இடுக்கியை முகத்தருகே ஆட்டாமல், தரையில் வைத்துவிட்டு விலகுவதே நல்லது. தேரையையே உணவாகத் தொடர்ந்து கொடுத்துப் பழக்கிவிடாதீர்கள். பிறகு அதை எலிக்குத் திருப்புவது பெரும்பாடு.

கேள்வி: என் பாம்பு மூன்று மாதமாக இரை எடுக்கவில்லை. பாம்பின் வாயைத் திறந்து ஊட்டிவிடும் காணொளிகளைப் பார்த்தேன். நானே செய்யலாமா? எந்த அறிகுறி வந்தால் மருத்துவரிடம் போக வேண்டும்?

பதில்: முதல் கேள்விக்கு: செய்யாதீர்கள். விருப்பமில்லாத பாம்பின் வாய்க்குள் இரையைத் திணிப்பதால் பல் உடையலாம், தொண்டை கிழியலாம், வாயில் புண் வந்து அதுவே பட்டினிக்குப் புதிய காரணமாகலாம். எல்லாம் தப்பினாலும், அந்த அதிர்ச்சியில் பாம்பு இரையைக் கக்கிவிட வாய்ப்பு மிகுதி. காணொளியில் ஒரு நிமிடத்தில் முடியும் காரியம், அதைச் செய்பவரின் பல ஆண்டுப் பயிற்சி.

இரண்டாவது கேள்விக்கு: வாயைத் திறந்தபடி மூச்சுவிடுதல், மூக்கிலோ வாயிலோ குமிழி, மூச்சில் சீழ்க்கை ஒலி ஆகியவை நுரையீரல் தொற்றைக் காட்டும். ஈறுகளில் சிவப்பும் வெண்கட்டிகளும் தெரிந்தால் வாய்ப்புண். தண்ணீர்க் கிண்ணத்திலேயே நாள் முழுவதும் மூழ்கிக் கிடந்தால், செதில் இடுக்குகளிலும் கண்களைச் சுற்றிலும் மிளகைவிடச் சிறிய கரும்புள்ளிகள் நகர்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அவை இரத்தம் உறிஞ்சும் உண்ணிகள். தலையை வானை நோக்கி வளைத்தல், கவிழ்த்துப் போட்டால் நிமிர முடியாமை போன்றவை நரம்பு மண்டலம் தாக்கப்பட்டதன் அடையாளம். போவா, மலைப்பாம்பு வகைகளில் வைரஸால் வரும் உள்ளுடல் நோய் ஒன்றும் இப்படித் தொடங்கும். முதுகெலும்பு கூரைமுகடுபோல் எழும்பி, இருபுறமும் சதை சரிந்திருப்பதும், தோலைக் கிள்ளினால் மடிப்பு அப்படியே நிற்பதும் இனியும் காத்திருக்கக் கூடாது என்பதைச் சொல்பவை. இவற்றில் ஒன்று இருந்தாலும் எடைக் கணக்கைப் பார்க்க வேண்டியதில்லை; அன்றே புறப்படுங்கள்.

போகும்போது மூன்றைக் கொண்டுசெல்லுங்கள்: இரை காட்டிய நாள், எடை, தோலுரித்த நாள் ஆகியவற்றைக் குறித்த தாள், இரு முனைகளின் வெப்ப அளவுகள், கிடைத்தால், ஒரு நாளுக்கு மேற்படாத கழிவு, மூடிய சிறு புட்டியில். பாம்பைத் துணிப்பையில் இட்டுக் கட்டி, அந்தப் பையைக் காற்றுத் துளையுள்ள பெட்டிக்குள் வைத்து, வழியில் குளிர் தாக்காமல் எடுத்துச் செல்லுங்கள். திரும்பி வந்த அன்று இரை காட்டாதீர்கள்.

கேள்வி: என் பாம்பு வெள்ளை எலியைத் தொடுவதில்லை, பழுப்பு எலி என்றால் பாய்கிறது. இது என் கற்பனையா?

பதில்: கற்பனை அன்று. முதலில் எந்த வகை இரையை எடுத்துப் பழகியதோ அதையே சில பாம்புகள், குறிப்பாகப் பால் பைத்தான்கள், பிடிவாதமாகக் கேட்கும். நிறத்தோடு மணமும் சேர்ந்தே மாறியிருக்கக்கூடும். பழுப்பு எலியே தடையின்றிக் கிடைக்குமானால் அதையே கொடுங்கள். கிடைக்காதென்றால், பழுப்பு எலி இருந்த கூட்டின் விரிப்பில் ஒரு பிடி எடுத்து, வெள்ளை எலியை அதோடு ஒரே பையில் போட்டு உறைவு நீக்குங்கள்.

அடுத்த இதழில் நில ஆமைகளின் ஓட்டில் ஏற்படும் மென்மை பற்றிய கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன். ஆமையின் வயதையும், தொட்டியில் உள்ள விளக்கின் வகையையும் கடிதத்தில் மறவாமல் குறிப்பிடுங்கள்.